எதிர்ப்பு சக்தி எங்கே போயிற்று?



பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அதையொட்டி இந்த மாதம் ஒரு விஷயத்தை உங்களோடு நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

புற்றுநோய் வந்தவரைப் பார்க்கப் போகும் உறவினர்கள் பழங்களோடு போய், ஆறுதலாக நாலு வார்த்தை பேசிவிட்டு, கிளம்பும்போது ஒன்றைச் சொல்வார்கள்: “உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லாமப் போச்சு, அதான் வந்துடுச்சு.” அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் படுத்திருப்பவர் மனசில் அது பழியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேளைக்குச் சாப்பிடாமல் இருந்தது தப்போ, ராத்திரி கண்விழித்து வேலை பார்த்தது தப்போ, பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டதுதான் தப்போ என்று அவர் தன்னையே நொந்துகொள்கிறார். வீட்டார் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாக விளம்பரம் வரும் பொடியையும் லேகியத்தையும் தேடிப் புறப்படுகிறார்கள். சில வீடுகளில் அதற்காக கீமோ தேதியே தள்ளிப்போகிறது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் தவறு என்று சொல்லத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பெரும்பாலான நோயாளிகளின் உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது. கட்டிக்குள்ளேயே வந்து நிற்கிறது. அங்கே அதைப் புற்றுச் செல்கள் வேலை செய்யவிடாமல் அடக்கிவைக்கின்றன. வந்த வெள்ளை அணுக்களில் ஒரு பகுதியைத் தங்கள் பக்கம் திருப்பி, தங்களுக்கே வேலை வாங்குகின்றன. இது எப்படி நடக்கிறது என்பதைக் கடந்த பல பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புகளிலிருந்தே புதிய மருந்துகளும் பிறந்தன.

கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ 1863-லேயே கவனித்து எழுதினார். இன்றைக்கு பயாப்ஸி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டி என்பது புற்றுச் செல்கள் மட்டுமே சேர்ந்த உருண்டை இல்லை. ரத்தக் குழாய்கள், நார்த் திசுக்கள், பலவகை வெள்ளை அணுக்கள் எல்லாம் கலந்துதான் அது வளர்கிறது. கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளை அணுக்கள் சில மார்பகக் கட்டிகளில் பாதி அளவுக்குக்கூட நிறைந்திருக்கின்றன. ஆகவே எதிர்ப்பு சக்தி ஏன் வரவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. வந்தது ஏன் வேலை செய்யவில்லை என்பதே கேள்வி.

முதலில், அது வேலை செய்யும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பின் அநேகமாக எல்லா செல்களும் தமக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் எடுத்து வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அவற்றைத் தொட்டுப் பார்த்தபடி உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. வழக்கமான துணுக்கு என்றால் கடந்துபோகும். வைரஸ் புகுந்தோ, மரபணு கெட்டோ, பழக்கமில்லாத துணுக்கு தென்பட்டால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். புற்றாக மாறத் தொடங்கும் செல்களையும் உடம்பு இப்படியே அழிக்கக்கூடும் என்று ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிச் 1909-லேயே ஊகித்தார். 1950-களில் ஆஸ்திரேலியாவின் பர்னெட்டும் அமெரிக்காவின் லூயிஸ் தாமஸும் அதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்கள். நிரூபணம்தான் நெடுநாள் கிடைக்கவில்லை.

2001-ல் அது கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விஞ்ஞானி ராபர்ட் ஷ்ரைபர், நியூயார்க்கின் லாய்ட் ஓல்டோடு சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். பிறவியிலேயே டி செல்லும், இன்னொரு வகை வெள்ளை அணுவான பி செல்லும் இல்லாத எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் ஒரு பக்கம். இரண்டுக்கும் புற்றை உண்டாக்கும் ஒரே ரசாயனத்தைச் செலுத்தினார்கள். எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வந்தன, அது எதிர்பார்த்ததுதான். அடுத்து நடந்ததுதான் முக்கியம். இரண்டு வகை எலிகளின் கட்டிகளையும் எடுத்து, ஆரோக்கியமான வேறு எலிகளுக்கு மாற்றி வைத்தார்கள். எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில் வளர்ந்த கட்டிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் புதிய எலிகளின் உடம்பு அழித்துவிட்டது. சாதாரண எலியில் வளர்ந்த கட்டிகளோ ஒன்று விடாமல் வளர்ந்தன.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாதாரண எலியின் உடம்பு, கண்ணில் பட்ட புற்றுச் செல்களையெல்லாம் கொன்றுகொண்டே இருந்தது. பிடிபடாமல் தப்பத் தெரிந்தவை மட்டும் மிஞ்சிப் பெருகின. ஒரு கட்டி நம் கைக்குத் தட்டுப்படும்போது, அது எதிர்ப்பு சக்தியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, ஏமாற்றும் வழிகளைக் கற்றுக்கொண்ட பிறகே தட்டுப்படுகிறது. நோயாளியின் உடம்பு அத்தனை காலமும் போராடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஷ்ரைபர் குழுவினர் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: அழிப்பது, சமநிலையில் அடக்கிவைப்பது, தப்பிப்பது.

நடுவில் உள்ள சமநிலை மனிதர்களிடமும் உண்டு என்பதற்கு 2003-ல் மருத்துவ இதழில் வெளியான கிளாஸ்கோ நிகழ்ச்சி ஒன்று சான்று. இறந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. பிறகு அந்த இருவருக்குமே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது. விசாரித்தபோது, தானம் தந்தவர் 16 ஆண்டுகளுக்கு முன் மெலனோமா வந்து, அறுவை சிகிச்சையில் குணமானதாகக் கருதப்பட்டவர் என்று தெரிந்தது. அவருடைய எதிர்ப்பு சக்தி 16 ஆண்டுகள் அந்தச் செல்களை வளரவிடாமல் வைத்திருந்தது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்ட இருவரின் உடம்பில் அவை விழித்துக்கொண்டன. எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே குறைந்தவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வருவது மெய்தான். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களும் சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. நோயாளிகளும் அந்தப் பட்டியலில் வருவார்கள். ஆனால் நாம் போய்ப் பார்த்துவிட்டு வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

அவர்கள் உடம்பில் புற்றுச் செல்கள் என்னதான் செய்கின்றன?

முதல் வழி, ஒளிவது. புரதத் துணுக்குகளை மேற்பரப்பில் காட்டும் ஏற்பாட்டையே சில புற்றுச் செல்கள் நிறுத்திவிடுகின்றன. டி செல் அருகில் வந்தாலும் அதற்கு எதுவும் தெரிவதில்லை.

இரண்டாவது, மேக்ரோஃபேஜ்களை மாற்றுவது. நமக்குக் காயம் பட்டால் இந்த அணுக்கள் முதலில் கிருமியைக் கொல்லும். பிறகு அமைதியாகி, புது ரத்தக் குழாய் உண்டாகவும் திசு வளரவும் உதவும். காயம் ஆறியதும் அந்த வேலை நின்றுவிடும். கட்டிகள் ஆறாத காயங்களைப் போல நடந்துகொள்கின்றன என்று ஹரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க மருத்துவர் 1986-ல் எழுதினார். புற்றுச் செல்கள் சுரக்கும் ரசாயனங்கள் மேக்ரோஃபேஜ்களை அழைத்து வருகின்றன. கொல்லும் வேலையை விடவைத்து, ஆற்றும் வேலையிலேயே நிறுத்திவைக்கின்றன. விளைவு, நம்மைக் காக்க வந்த அணுவே கட்டிக்கு ரத்தக் குழாய் அமைக்கிறது, வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது, புற்றுச் செல் ரத்தத்தில் இறங்கி வேறு உறுப்புக்குப் போகவும் வழிசெய்கிறது.

மூன்றாவது, அடக்கும் செல்களைக் கூப்பிடுவது. டி செல்களிலேயே ஒரு பிரிவு, மற்ற டி செல்களை அளவுக்கு மீறிப் போகாமல் கட்டுப்படுத்துகிறது. இவற்றை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். இந்தத் துறையில் செய்த பணிக்காக அவரும் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் 2025-ன் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். இந்தச் செல்கள் இல்லாவிட்டால் நம் எதிர்ப்பு சக்தி நம் உறுப்புகளையே தாக்கிவிடும். பல கட்டிகள் ரசாயன அழைப்பு விடுத்து இவற்றைத் தம்மைச் சுற்றி வரவழைத்துக்கொள்கின்றன. தாக்க வந்த டி செல்கள் இவற்றால் அடங்கிப்போகின்றன.

நான்காவது, பட்டினி போடுவது. புற்றுச் செல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். டி செல்லுக்கும் வேலை செய்ய அதே சர்க்கரை வேண்டும். கட்டிக்குள் அது பல சமயம் போதிய அளவு கிடைப்பதில்லை. அமிலமும் டி செல்லைச் சோர்வாக்குகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தையும் சில கட்டிகள் சிதைத்துவிடுவதால் டி செல் பெருக முடியாமல் போகிறது. இதைப் படித்துவிட்டு நோயாளியின் காபியில் சர்க்கரையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் சர்க்கரையைக் குறைத்தாலும் ரத்தத்தில் அதன் அளவை உடம்பு விடாமல் பராமரிக்கும். மெலிந்துபோவதுதான் நோயாளிக்குக் கெடுதல்.

ஐந்தாவது வழிதான் மருத்துவத்தையே மாற்றியது. டி செல்லின் மேல் சில புரதங்கள் இருக்கின்றன. அவை வண்டியின் பிரேக் மாதிரி. அழுத்தினால் டி செல் நின்றுவிடும். கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு 1992-ல் கண்டுபிடித்த பி.டி-1 அதில் ஒன்று. அதை அழுத்தும் புரதத்துக்கு பி.டி.எல்-1 என்று பெயர். சாதாரணத் திசுக்கள், வீண் சேதம் வராமல் தம்மைக் காத்துக்கொள்ள இதைப் பயன்படுத்துகின்றன. பல புற்றுச் செல்களும் அதே புரதத்தைத் தம் மேற்பரப்பில் நிறைய வைத்திருக்கின்றன. கொல்ல வந்த டி செல் அதைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. நாள்பட நாள்பட அது களைத்து, கண்ணெதிரே எதிரி இருந்தும் தாக்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த வழிகளில் பெரும்பாலானவற்றைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காயம் ஆறுவதற்கும், உடம்பு தன்னைத் தானே தாக்காமல் இருப்பதற்கும் நமக்கு அவசியமான ஏற்பாடுகள் அவை. பாதி மரபணு தகப்பனுடையதாக இருக்கும் கருவைத் தாயின் உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமல் பத்து மாதம் சுமப்பதற்கும் இந்த அடக்கும் செல்கள் உதவுகின்றன. டிரிப்டோஃபானைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால் கரு நிலைக்காமல் போவதை எலிகளில் 1998-ல் காட்டினார்கள். நம்மை வாழவைக்கும் ஏற்பாட்டையே புற்றுநோய் தன் வசமாக்கிக்கொள்கிறது. இதில் நோயாளியின் தப்பு எங்கே இருக்கிறது?

அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பு சக்தியை எழுப்ப முடியுமா என்ற முயற்சி பழையது. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, தோலில் கிருமித் தொற்று வந்த ஒருவருக்குக் கட்டி மறைந்ததை அறிந்து, 1891-ல் வேண்டுமென்றே கிருமியை நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் ஆபத்தும் நிச்சயமின்மையும் அதிகம். ரேடியேஷன் வந்த பிறகு அவர் முறை மறக்கப்பட்டது. ஆனாலும் அந்த வழி முழுக்க அடைபடவில்லை. காசநோயைத் தடுக்கக் குழந்தை பிறந்ததும் தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி உங்களுக்குத் தெரியும்.  அந்த ஊசியில் உள்ள பி.சி.ஜி. கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் அங்குள்ள மேலோட்டமான புற்று திரும்ப வருவது குறைகிறது என்று கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் 1976-ல் காட்டினார். இன்றுவரை அது வழக்கில் உள்ள சிகிச்சை.

பெரிய திருப்பம் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனால் வந்தது. சிறுவனாக இருந்தபோதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். டி செல்லின் இன்னொரு பிரேக்கான சி.டி.எல்.ஏ-4 புரதத்தை மறைத்துவிட்டால் எலிகளின் கட்டிகள் அழிவதை 1996-ல் வெளியிட்டார். கட்டியைத் தொடாமல், டி செல்லின் தடையை மட்டும் எடுத்துவிடும் யோசனை அது. மருந்து நிறுவனங்கள் நெடுங்காலம் தயங்கின. கடைசியில், பரவிவிட்ட மெலனோமாவுக்கு, சி.டி.எல்.ஏ-4-ஐ மறைக்கும் இபிலிமுமாப் என்ற மருந்து 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி.டி-1-ஐ மறைக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-ல் வந்தன. 2018-ல் ஆலிசனும் ஹோஞ்சோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல், தொண்ணூறு வயதில், மெலனோமா மூளை வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, ரேடியேஷனோடு பெம்ப்ரோலிசுமாபும் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்கேனில் புற்று தெரியவில்லை என்று அவரே அறிவித்தார். நூறு வயதைக் கடந்து, 2024 டிசம்பரில்தான் காலமானார். தொண்ணூறு வயது உடம்பிலும் எதிர்ப்பு சக்தி இருக்கத்தான் செய்தது.

இந்தச் சிகிச்சையை மாயமருந்து என்று நம்பிவிடக் கூடாது. எல்லாப் புற்றுநோய்க்கும் இது கேட்பதில்லை. கேட்கும் வகைகளிலும் பல நோயாளிகளுக்குப் பலன் கிடைப்பதில்லை. தடையை எடுத்துவிட்ட டி செல்கள் சில சமயம் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் கல்லீரலையும் தாக்கும். நம் குடும்பங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தடை விலை.

அந்தத் தடையை உடைக்க நம் நாட்டிலேயே நடந்த வேலையைப் பெருமையோடு சொல்கிறேன். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வை 2022-ல் வெளியிட்டது. விலை குறைந்த மாத்திரைகளோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்தார்கள். வழக்கமான ஒரு தவணை 240 மில்லிகிராம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம். சிறு அளவு மருந்தும் பெற்றவர்களில் 43 சதவீதம். புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நாட்டில், ஏழைகளை மனதில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த விடை இது.

நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையும் இங்கே உருவாகிவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, சில ரத்தப் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று அறிவித்தார்கள். அதுவும் பல லட்சம் ரூபாய்தான். மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் கட்டிகளில் இந்த முறை இன்னும் சரியாக எடுபடவில்லை. மேலே சொன்ன அதே காரணம்: புதிதாகச் செய்து அனுப்பிய டி செல்லையும் கட்டி பட்டினி போடுகிறது, அடக்குகிறது, களைக்கவைக்கிறது. அடுத்த பல ஆண்டு ஆராய்ச்சி அங்கேதான் நடக்கப்போகிறது.

வாசகர்களே, இவ்வளவையும் சொன்னது சில வேண்டுகோள்களுக்காக.

நோயாளியிடம் எதிர்ப்பு சக்தி இல்லை என்ற பழியைச் சொல்லாதீர்கள். டி செல்லின் தடையை விடுவிப்பதாக நிரூபிக்கப்பட்ட பொடியோ டானிக்கோ கிடையாது. அதற்காக ஒரு கீமோ தேதியைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல சாப்பாடும் தூக்கமும் நடையும் சிகிச்சையைத் தாங்க உதவும், சிகிச்சைக்கு மாற்றாகாது. டி செல்லின் தடையை விடுவிக்கும் இம்யூனோதெரபி சிகிச்சை எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து எதையும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கட்டி தப்பிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது. பெண் குழந்தைகளுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் 2022-ல் அனுமதி பெற்றது. கல்லீரல் புற்றைத் தடுக்க ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இருக்கிறது. புகையிலையையும் பான்மசாலாவையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். குறைந்த அளவு மருந்தே பலன் தருகிறது என்று நம் மருத்துவர்கள் காட்டிவிட்டார்கள். அது மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை வந்து சேர வேண்டும். புற்றுநோயின் சூழ்ச்சியைப் புரிந்துகொண்ட பிறகும், பணமில்லாத காரணத்தால் ஒருவர் சாவது நியாயமில்லை.

கடைசியாக உங்களிடம்: வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம் — இவற்றில் எது தெரிந்தாலும் நாள் பார்க்காமல் போய்க் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்த புற்றுநோய்களில் பலவற்றை முழுக்கக் குணப்படுத்த முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்